எக்செல் திறந்ததும் மூடிக்கொள்கிறதா? ரீஇன்ஸ்டாலை விட்டுவிட்டு இந்த வழியில் தேடுங்கள்

எக்செல் ஐகானைக் கிளிக் செய்தால் பச்சைத் திரை வருகிறது, ஒரு நொடி வெற்று விண்டோ தெரிகிறது, அப்புறம் எந்தச் செய்தியும் சொல்லாமல் மூடிக்கொள்கிறது. ஆஃபிஸை எடுத்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தும் அதேதான், இனி விண்டோஸையே ஃபார்மேட் செய்துவிடலாமா என்பது கேள்வி. வேண்டாம். ஃபார்மேட் வேண்டாம், இன்னொரு ரீஇன்ஸ்டாலும் வேண்டாம்.

திறக்கும்போதே எக்செல் விழுகிறது என்றால் பெரும்பாலும் எக்செல் கெட்டுப்போயிருக்காது. அந்த முதல் சில நொடிகளில் அது தன்னோடு ஒரு கூட்டத்தையே உள்ளே அழைத்து வருகிறது: ஆட்-இன்கள் (எக்செலோடு ஒட்டிக்கொள்ளும் கூடுதல் கருவிகள்), உங்கள் சொந்த மேக்ரோ ஃபைல் (வேலைகளைத் தானாகச் செய்யும் கட்டளைகள் அடங்கியது), டூல்பார் அமைப்புகள், கிராஃபிக்ஸ் டிரைவர், பிரிண்டர் டிரைவர் (அந்தச் சாதனங்களோடு விண்டோஸ் பேச உதவும் மென்பொருள்கள்). இவற்றில் எது தடுமாறினாலும் விழுவது எக்செல்தான், ஏனென்றால் காம், எக்ஸ்எல்எல் என்ற இரு வகை ஆட்-இன்களும் தனியாக ஓடுவதில்லை, எக்செலின் அதே பிராசஸுக்குள் ஓடுகின்றன. ரீஇன்ஸ்டால் செய்தால் புரோகிராம் ஃபைல்கள் மட்டும் புதிதாக வரும். உங்கள் விண்டோஸ் கணக்கின் ஆப்டேட்டா ஃபோல்டரில் இருப்பதும், விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் உங்கள் கணக்குக்கென்று இருக்கும் பகுதியும் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். புது எக்செல் எழுந்ததும் நேராக அங்கேதான் போய் அதே பழைய சாமான்களை எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் எத்தனை தடவை இன்ஸ்டால் செய்தாலும் பலன் இல்லை.

எனவே வேலை என்ன என்றால் பழுது பார்ப்பதை விட, அந்தக் கூட்டத்தில் குற்றவாளி யார் என்று பிரித்துப் பார்ப்பது. ஒவ்வொரு சோதனையும் சந்தேகப் பட்டியலைப் பாதியாவது குறைக்க வேண்டும். கண்ணில் படும் தீர்வையெல்லாம் ஒரே நேரத்தில் செய்து பார்க்காதீர்கள். சரியாகிவிட்டாலும் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த மாதம் மறுபடி வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு முன்னெச்சரிக்கை. சேவ் செய்யாத வேலை ஏதாவது இருந்திருந்தால் ஆப்டேட்டாவில் மைக்ரோசாஃப்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் எக்செல் ஃபோல்டரை முழுதாக வேறு இடத்தில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஆட்டோரெக்கவர் எழுதி வைக்கும் ஃபைல்கள் வழக்கமாக அங்கேதான் இருக்கும். அந்த இடத்துக்குப் போக விண்டோஸ் கீயையும் ஆங்கில ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் ரன் பெட்டியில் சதவீதக் குறி, அதை ஒட்டி ஆப்டேட்டா என்ற சொல் ஆங்கிலத்தில், மறுபடி சதவீதக் குறி என்று இடைவெளி விடாமல் அடித்து எண்டர் தட்டினால் போதும். இந்த ஃபோல்டருக்கு இன்னும் ஒன்றிரண்டு தடவை வர வேண்டியிருக்கும், வழியை நினைவில் வையுங்கள்.

இப்போது முதல் பிரிவினை: விழுவது எக்செலா, இல்லை ஒரு குறிப்பிட்ட ஃபைலைத் திறக்கும்போது மட்டும் விழுகிறதா? பலர் டெஸ்க்டாப்பில் இருக்கும் தினசரிக் கணக்கு ஃபைலைத்தான் இரட்டைக் கிளிக் செய்வார்கள், அது மூடிக்கொண்டால் எக்செல் திறக்கவில்லை என்பார்கள். ஸ்டார்ட் மெனுவிலிருந்து வெறும் எக்செலைத் திறந்து பாருங்கள். வெறுமனே நன்றாகத் திறந்து ஒரு புதிய ஷீட்டில் எழுதவும் முடிகிறது என்றால் பிரச்சினை ஃபைலில் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வெறுமனே திறந்தாலும் விழுகிறது என்றால் சேஃப் மோட். கீபோர்டில் கன்ட்ரோல் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டே எக்செல் ஐகானைக் கிளிக் செய்யுங்கள், கையை எடுக்காதீர்கள். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டிருக்கிறீர்களே, சேஃப் மோடில் தொடங்கட்டுமா என்று ஒரு சிறிய பெட்டி கேட்கும். அது வந்த பிறகுதான் கீயை விட வேண்டும். முன்னாலேயே விட்டுவிட்டு சேஃப் மோடும் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. ஆம் என்று சொன்னால் ஆட்-இன்களையும், தொடக்கத்தில் தானாகத் திறக்கும் ஃபைல்களையும், மாற்றியமைத்த டூல்பாரையும் தொடாமல் எக்செல் எழுந்திருக்கும். மேலே டைட்டிலில் சேஃப் மோட் என்று எழுதியிருக்கும்.

சேஃப் மோடில் திறந்துவிட்டது என்றால் பாதி வேலை முடிந்தது. எக்செல் நலமாக இருக்கிறது, அதோடு ஒட்டிக்கொண்டு வருவதில் ஒன்றுதான் கெட்டது என்று உறுதியாகிவிட்டது. நான் முதலில் கை வைப்பது எப்போதும் காம் ஆட்-இன்களில்தான். ஃபைல் மெனு, ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் என்று போனால் அடியில் மேனேஜ் என்று ஒரு பட்டியல் பெட்டி இருக்கும். அதில் காம் ஆட்-இன்ஸைத் தேர்ந்தெடுத்து கோ அழுத்துங்கள். நீங்கள் கேட்டு வாங்காதவை எல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கும்: பிடிஎஃப் மென்பொருள் போட்டபோது வந்தது, கணக்கியல் மென்பொருளோடு வந்தது, மீட்டிங் மென்பொருளோடு வந்தது, ஆன்ட்டிவைரஸோடு வந்தது. எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு எக்செலை மூடி, சாதாரணமாகத் திறந்து பாருங்கள். திறந்துவிட்டால் பாதி ஆட்-இன்களை மட்டும் திருப்பிப் போட்டுப் பாருங்கள், அதிலும் திறந்தால் மீதிப் பாதியில் ஆள் இருக்கிறான். ஒவ்வொன்றாகப் போவதை விட இது மிக வேகம்.

இங்கே ஒரு இடத்தில் பலர் மாட்டிக்கொள்வார்கள். சில ஆட்-இன்களில் டிக்கை எடுக்கப் போனால், இது முழுக் கம்ப்யூட்டருக்கும் பதிவு செய்யப்பட்டது, இங்கிருந்து மாற்ற முடியாது என்று எக்செல் மறுத்துவிடும். எல்லாப் பயனர்களுக்கும் சேர்த்து இன்ஸ்டால் ஆனவை அவை. எக்செலை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து அதே பெட்டிக்குப் போனால் எடுக்க விடும், இல்லையென்றால் அந்த ஆட்-இன்னைக் கொண்டுவந்த மென்பொருளையே தற்காலிகமாக எடுத்துப் பாருங்கள். அலுவலகக் கம்ப்யூட்டராக இருந்தால் இது ஐடி ஆட்கள் செய்ய வேண்டியது, எந்த ஆட்-இன் என்று பெயரை எழுதிக் கொடுத்தாலே அவர்களுக்குப் பெரிய உதவி.

அதே மேனேஜ் பட்டியலில் எக்செல் ஆட்-இன்ஸ் என்று தனியாக ஒன்று உண்டு. இது வேறு வகை, எக்ஸ்எல்ஏஎம், எக்ஸ்எல்எல் என்று முடியும் ஃபைல்கள். இதையும் அதே மாதிரி பாருங்கள். டிசேபிள்டு ஐட்டம்ஸ் என்பதையும் ஒரு தடவை திறந்து பார்ப்பது நல்லது, முன்பு விழுந்தபோது எக்செல் தானாகவே எதையாவது முடக்கி வைத்திருந்தால் பெயர் அங்கே இருக்கும். போன தடவை இந்த ஆட்-இன்னால் பிரச்சினை வந்தது, முடக்கட்டுமா என்று எக்செல் எப்போதாவது கேட்டு, நீங்கள் வேண்டாம் என்று தள்ளியிருந்தால், அந்தப் பெயரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஆட்-இன் எல்லாவற்றையும் எடுத்தும் விழுகிறது, ஆனால் சேஃப் மோடில் மட்டும் திறக்கிறது என்றால் அடுத்தது எக்ஸ்எல்ஸ்டார்ட் ஃபோல்டர். மேலே சொன்ன ஆப்டேட்டா, மைக்ரோசாஃப்ட், எக்செல் என்று உள்ளே போனால் இந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். இதற்குள் கிடக்கும் எந்த ஃபைலையும் எக்செல் தொடங்கும்போது கேட்காமலே திறக்கும். சாதாரணமாக அங்கே இருப்பது பர்சனல் என்ற பெயரில் எக்ஸ்எல்எஸ்பி வகை ஃபைல் ஒன்று, நீங்கள் பதிவு செய்த மேக்ரோக்களை எல்லாம் வைத்திருப்பது. மறைந்தே திறப்பதால் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. உள்ளே இருப்பதை எல்லாம் டெஸ்க்டாப்புக்கு நகர்த்துங்கள். அழிக்காதீர்கள், நகர்த்துங்கள், அதற்குள் உங்கள் பல வருட மேக்ரோக்கள் இருக்கலாம். நகர்த்திய பின் எக்செல் திறந்துவிட்டால் ஆள் கிடைத்துவிட்டான். ஆஃபிஸ் இன்ஸ்டால் ஆன இடத்திலும் இதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் இருக்கிறது, அதையும் பாருங்கள். ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பக்கத்தின் அடியில், ஜெனரல் பகுதியில், தொடங்கும்போது இந்த ஃபோல்டரில் உள்ள எல்லா ஃபைல்களையும் திற என்று ஒரு பெட்டியும் உண்டு. யாரோ எப்போதோ அதில் ஒரு நெட்வொர்க் பாதையை எழுதி வைத்திருந்து, இப்போது அந்த சர்வரே இல்லை என்றால் எக்செல் தொடக்கத்தில் உறைந்து நிற்கலாம்.

பர்சனல் ஃபைல்தான் காரணம் என்று தெரிந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. குறிப்பாக 32 பிட் ஆஃபிஸிலிருந்து 64 பிட்டுக்கு மாறிய பிறகு இது ஆரம்பித்திருந்தால், மேக்ரோவில் விண்டோஸ் ஃபங்ஷன்களை நேரடியாக அழைக்கும் டிக்ளேர் வரிகளைப் பாருங்கள். ஆஃபிஸ் 2010-இலிருந்து 64 பிட்டில் அந்த வரிகளுக்கு பிடிஆர்சேஃப் என்ற சொல் கட்டாயம், இல்லாவிட்டால் கம்பைல் ஆகாது என்று எக்செல் சொல்லிவிடும். அதை மட்டும் சேர்த்துவிட்டு, பாயின்டர்களும் ஹேண்டில்களும் (நினைவக முகவரிகளும் விண்டோஸ் தரும் அடையாள எண்களும்) வரும் இடங்களில் லாங் என்பதை லாங்பிடிஆர் என்று மாற்றாமல் விட்டால்தான் ஆபத்து. எட்டு பைட் முகவரி நாலு பைட்டுக்குள் வெட்டப்பட்டு, தவறான நினைவக இடத்தைத் தொட்டு, எந்தச் செய்தியும் இல்லாமல் எக்செல் விழும். அந்த வரி ஃபைல் திறந்ததும் ஓடும் வொர்க்புக் ஓப்பன் நிகழ்வுக்குள் இருந்தால் தொடக்கத்திலேயே விழும். ஃபைல் மெனுவில் ஓப்பன் வழியாக ஃபைலைத் திறக்கும்போது ஷிஃப்டை அழுத்திப் பிடித்தால் அந்த நிகழ்வு ஓடாது, உள்ளே போய்த் திருத்திக்கொள்ளலாம், அல்லது மாட்யூல்களை எக்ஸ்போர்ட் செய்து புது ஃபைலில் சேர்த்துக்கொள்ளலாம்.

இதே எக்செல் ஃபோல்டரில் எக்ஸ்எல்பி என்று முடியும் ஒரு சின்ன ஃபைல் இருந்தால் அதன் பெயரையும் மாற்றி விடுங்கள். டூல்பார் அமைப்பு அது, கெட்டுப்போனால் தொடக்கத்தில் தொல்லை தரும், எக்செல் தானே புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்.

சரி, சேஃப் மோடிலும் விழுகிறது என்றால்? இப்போது ஊகிப்பதை நிறுத்திவிட்டு விண்டோஸ் எழுதி வைத்திருப்பதைப் படிக்க வேண்டும். எந்தப் புரோகிராம் விழுந்தாலும் விண்டோஸ் ஒரு குறிப்பு எழுதுகிறது, இவ்வளவு நேரடியான சாட்சியத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் நாள் கணக்கில் அலைபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன் என்று போங்கள். எக்செல் விழுந்த நேரத்தில் சிவப்புக் குறியோடு, ஈவென்ட் ஐடி 1000 என்று ஒரு வரி இருக்கும். அதைத் திறந்தால் விழுந்த புரோகிராம் எக்செல் என்று முதல் வரியில் இருக்கும், அதற்குக் கீழே ஃபால்டிங் மாட்யூல் நேம் என்று ஒரு பெயர், விழுந்த நொடியில் ஓடிக்கொண்டிருந்த பகுதியின் பெயர் அது. உங்களுக்கு வேண்டியது அந்த இரண்டாவது பெயர்.

அதைப் படிக்கும் விதம் இப்படி. பெயர் என்வி என்று தொடங்கினால் என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவராக இருக்க வாய்ப்பு மிக அதிகம், ஐஜி என்று தொடங்கினால் இன்டெல், ஏடிஐ அல்லது ஏஎம்டி என்றால் ஏஎம்டி. விபிஇ7 என்றால் மேக்ரோ இன்ஜின், மேலே சொன்ன பர்சனல் ஃபைலுக்கும் மேக்ரோ ஆட்-இன்களுக்கும் திரும்பப் போங்கள். முன்பின் கேள்விப்படாத பெயர் என்றால் அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பாதையும் அதே குறிப்பில் இருக்கும், பாதையைப் பார்த்தாலே எந்த மென்பொருள் என்று புரிந்துவிடும். ஆன்ட்டிவைரஸ் உள்ளே நுழைந்திருந்தால் அதுவும் இங்கேதான் மாட்டும். ஆனால் என்டிடிஎல்எல், கர்னல்பேஸ், யூசிஆர்டிபேஸ் ஆகிய பெயர்கள் வந்தால் அவற்றைக் குறை சொல்லாதீர்கள். அவை விண்டோஸின் அடித்தளம், எல்லாப் புரோகிராமும் அவற்றின் வழியாகத்தான் ஓடுகிறது, வேறு யாரோ செய்த தவறு அங்கே வந்து வெடிக்கிறது, அவ்வளவுதான். அந்த டிஎல்எல் ஃபைலை இணையத்தில் டவுன்லோடு செய்து மாற்றி வையுங்கள் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள், வைரஸ் வாங்கி வரும் வழி அது.

கிராஃபிக்ஸ் என்று தெரிந்தால் வேர்டைத் திறந்து, அதன் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு, டிஸ்ப்ளே பகுதியில் ஹார்டுவேர் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷனை முடக்கும் பெட்டி இருந்தால் டிக் செய்யுங்கள். இந்த அமைப்பு ஆஃபிஸ் முழுவதற்கும் பொதுவானது, அதனால் திறக்காத எக்செலுக்கும் சேர்த்தே வேலை செய்யும். பெட்டி கண்ணில் படவில்லை என்றால் டிரைவரையே கவனியுங்கள்: கம்ப்யூட்டர் தயாரிப்பாளர் தளத்திலிருந்து புதிய டிரைவர், அல்லது டிரைவர் அப்டேட் ஆன பிறகுதான் இது ஆரம்பித்தது என்றால் டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக், அதாவது பழைய டிரைவருக்குத் திரும்புவது.

பிரிண்டர் பெயரைக் கேட்டால் சிரிப்பவர்கள் உண்டு, ஆனால் இது உண்மையான காரணம். பக்கம் எங்கே முடியும், எழுத்து எவ்வளவு அகலம் என்று கணக்கிட எக்செல் டிஃபால்ட் பிரிண்டரின் டிரைவரிடம் பேசுகிறது. அந்தப் பிரிண்டர் நெட்வொர்க்கில் இல்லாத ஒன்றாகவோ டிரைவர் கெட்டதாகவோ இருந்தால் எக்செல் தொங்கும், சில டிரைவர்களால் விழவும் செய்யும். விண்டோஸ் செட்டிங்ஸில் டிஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்பதை அணைத்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப் என்பதை டிஃபால்டாக வைத்துப் பாருங்கள். அரை நிமிடச் சோதனை, பணமும் இல்லை பாதிப்பும் இல்லை.

இதிலும் பிடிபடவில்லை என்றால் இரண்டாவது பெரிய பிரிவினை: விண்டோஸில் புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதில் நுழைந்து எக்செலைத் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் பழுது உங்கள் கணக்குக்குள்தான், பெரும்பாலும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது. பழைய கணக்குக்குத் திரும்பி வந்து ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் கரன்ட் யூசர் பகுதி, சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், ஆஃபிஸ், 16.0 என்று போனால் எக்செல் என்று ஒரு கீ இருக்கும். 2016, 2019, 2021, 365 எல்லாவற்றுக்கும் எண் 16.0 தான், 2013 என்றால் 15.0. முதலில் அந்தக் கீயை வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள், அப்புறம் பெயருக்குப் பின்னால் ஏதாவது சேர்த்து மாற்றிவிடுங்கள். அடுத்த தடவை திறக்கும்போது எக்செல் தனக்குப் புதுக் கீ உருவாக்கிக்கொள்ளும். போவது சமீபத்தில் திறந்த ஃபைல்களின் பட்டியலும் உங்கள் ஆப்ஷன்களும் ஆட்-இன் தேர்வுகளும் மட்டுமே, ஷீட்கள் எதுவும் போகாது.

புதுக் கணக்கிலும் விழுகிறது, ஆட்-இன்னும் இல்லை, டிரைவரும் இல்லை என்றால் இப்போதுதான் புரோகிராம் மீது சந்தேகப்பட நியாயம் இருக்கிறது. அப்போதும் அழித்துப் போட வேண்டாம்: செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலில் ஆஃபிஸைப் பிடித்து மாடிஃபை கொடுத்தால் க்விக் ரிப்பேர், ஆன்லைன் ரிப்பேர் என்று இரண்டு வரும். க்விக் முதலில், அது போதவில்லை என்றால் ஆன்லைன், இணையம் வேண்டும், நேரம் பிடிக்கும்.

எக்செலைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபிஸ் கால்க் பயன்படுத்துபவர்களுக்கும் தர்க்கம் இதேதான், வேலை இன்னும் சுலபம். 5.3 பதிப்பிலிருந்து அதிலும் சேஃப் மோட் உண்டு, விண்டோஸ் ஸ்டார்ட் மெனுவிலேயே தனி ஐகானாக இருக்கும். திறந்ததும் எக்ஸ்டென்ஷன்களை முடக்கவா, ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை முடக்கவா, பயனர் புரொஃபைலைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகவா என்று வரிசையாகக் கேட்கும். கையால் செய்ய விரும்பினால் ஆப்டேட்டாவில் லிப்ரே ஆஃபிஸ், அதற்குள் 4, அதற்குள் யூசர் என்ற ஃபோல்டரின் பெயரை மாற்றினால் போதும். நீங்கள் வைத்திருப்பது 7 அல்லது 24 பதிப்பாக இருந்தாலும் அந்த ஃபோல்டர் பெயர் 4 தான், அதைப் பார்த்துப் பழைய குப்பை என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். திறந்த பிறகு ஆப்ஷன்ஸில் ஸ்கியா (திரையில் வரையும் பகுதி), ஓப்பன்சிஎல் (கணக்கீட்டை வேகப்படுத்தும் பகுதி) இரண்டையும் அணைத்துப் பார்ப்பது பயன் தரும். இன்னொன்று, ஒவ்வொரு தடவையும் டாக்குமென்ட் ரெக்கவரி பெட்டி வந்து அதே கெட்ட ஃபைலை மீட்கப் போய் விழுந்துகொண்டே இருந்தால், அந்த ஃபைலின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு டிஸ்கார்டு கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, எக்செல் நன்றாகத் திறந்து ஒரே ஒரு ஃபைலில் மட்டும் விழுபவர்களுக்கு. முதலில் ஃபைலின் நகல், வேலை எல்லாம் நகலில்தான். வெற்று ஷீட்டோடு எக்செலைத் திறந்து, ஃபார்முலாஸ் டேபில் கணக்கிடுவதை மேனுவல் என்று மாற்றுங்கள். முதலில் திறந்திருக்கும் வொர்க்புக்கின் அமைப்பையே பின்னால் வருபவையும் ஏற்கும் என்பதால், திறந்தவுடன் மறுகணக்கு போடப் போய் விழுவது தடுக்கப்படும். பிறகு ஃபைல், ஓப்பன், பிரவுஸ் என்று போய் ஃபைலைத் தேர்ந்தெடுத்து, ஓப்பன் பட்டனை அழுத்தாமல் அதன் பக்கத்தில் இருக்கும் சிறிய அம்புக்குறியை அழுத்தினால் ஓப்பன் அண்ட் ரிப்பேர் இருக்கும். ரிப்பேர் தோற்றால் அங்கேயே எக்ஸ்ட்ராக்ட் டேட்டா என்ற வழியும் தரும், ஃபார்மேட்டிங் போனாலும் எண்களும் முடிந்தவரை ஃபார்முலாக்களும் வரும். அதுவும் முடியாவிட்டால் லிப்ரே ஆஃபிஸில் திறந்து புதுப் பெயரில் எக்ஸ்எல்எஸ்எக்ஸாகச் சேவ் செய்து பாருங்கள். எக்செல் மறுத்த ஃபைலை லிப்ரே திறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் அது படிக்கும் விதமே வேறு. திறந்ததும் ஷீட் ஷீட்டாகப் புது வொர்க்புக்குக்கு மதிப்புகளை மட்டும் பேஸ்ட் செய்து நகர்த்துங்கள், எந்த ஷீட்டை நகர்த்தும்போது மறுபடி விழுகிறதோ அதில்தான் கெட்டுப்போன பிவட் டேபிளோ படமோ கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கோ இருக்கிறது, அந்த ஒரு ஷீட்டை மட்டும் கையால் மறுபடி கட்டினால் போதும்.